இரண்டு பெட்டியில் ஒரு ஜோடி

மருந்துக்காரர்: ...சரி மேடம், கரையான்னு சொல்றீங்க. கரையான்தான்னு எப்படி முடிவு பண்ணீங்க?

மேடம்: கதவு நிலையில மண்ணு... மண்ணா ஒரு கோடு ஏறிப் போகுது.

மருந்துக்காரர்: கோடு மட்டுமா, பூச்சியையும் பாத்தீங்களா?

மேடம்: பாத்தேன். ரெண்டு மூணு.

மருந்துக்காரர்: இறக்கை இருந்துச்சா?

மேடம்: ம்... இருந்துச்சு.

மருந்துக்காரர்: அப்ப எறும்பாக்கூட இருக்கலாம். மழை பேஞ்ச மறுநாள் பறக்கிற எறும்பைப் பாத்துட்டு, கரையான் வந்துடுச்சுன்னு பாதி ஊரு எனக்கு போன் பண்ணும். இடுப்பு எப்படி இருந்துச்சு?

மேடம்: யாருக்கு?

மருந்துக்காரர்: பூச்சிக்கு மேடம். எறும்புன்னா இடுப்பு ஒடுங்கி நூல் மாதிரி இருக்கும். கரையானுக்கு இடுப்பே கிடையாது. என்னை மாதிரி, மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலம்.

மேடம்: ஒரே அகலந்தான். நாலு இறக்கையும் ஒரே நீளம். உணர்கொம்பு மடங்கியிருக்கல, மணி கோத்த மாதிரி நேரா...

மருந்துக்காரர்: உணர்கொம்பா!

மேடம்: என்ன?

மருந்துக்காரர்: ஒண்ணுமில்ல. உணர்கொம்புன்னு சொல்ற கஸ்டமரை இன்னிக்குத்தான் பாக்கிறேன். எல்லாரும் மீசைன்னுதான் சொல்லுவாங்க.

மேடம்: எங்கேயோ படிச்சேன்.

மருந்துக்காரர்: படிச்சிருப்பீங்க.

மேடம்: வெளிய போர்டுல பெரிய பட்டியலே எழுதி வச்சிருக்கீங்களே... அத்தனைக்கும் மருந்து அடிப்பீங்களா?

மருந்துக்காரர்: அது ஜனங்க பாக்கிறதுக்கு எழுதினது. எனக்கு மூணே மூணு வகைதான். மரத்தைத் தின்னுறது, சோத்தைத் தின்னுறது, மனுஷனைத் தின்னுறது. வகைக்கு ஒரு டப்பா.

மேடம்: அப்ப சிலந்தி?

மருந்துக்காரர்: அது மத்த பூச்சியைத் தின்னும். நம்ம கட்சி. அதை நான் அடிக்கிறதில்ல. அடிச்சே ஆகணும்னு யாராவது நின்னா, "அது பூச்சியே இல்லம்மா, எட்டுக் காலு, வேற வகுப்பு, என் லைசென்ஸ்ல வராது"ன்னு சொல்லி அனுப்பிடுவேன்.

மேடம்: வேற வகுப்பு... சரியாத்தான் சொல்றீங்க. கரையானும் கரப்பானும்? ஒண்ணு மரம் தின்னுது, ஒண்ணு சோறு தின்னுது. உங்ககிட்ட ரெண்டு டப்பா.

மருந்துக்காரர்: டப்பாதான் ரெண்டு மேடம், வம்சம் ஒண்ணு. கரையானுக்குன்னு தனியா ஒரு வரிசை வச்சிருந்தாங்க. இப்ப அதைக் கலைச்சுக் கரப்பான் வரிசையிலயே சேத்துட்டாங்களே. பங்காளிங்கதான்...

மேடம்: அது நீங்க... அது ரொம்பப் பின்னாடி வந்த மாத்தம் ஆச்சே. அதெல்லாம் இன்னும் படிக்கிறீங்களா?

மருந்துக்காரர்: ...எங்கேயோ படிச்சேன்.

மனைவி: ஏங்க, டீ. மேடம், உங்களுக்கும் சேத்துப் போட்டுட்டேன். குடிங்க.

மேடம்: எதுக்கும்மா சிரமம்...

மனைவி: என்ன சிரமம், பின்னாடிதானே வீடு. முன்னாடி விஷம், பின்னாடி சமையல். பயப்படாதீங்க, இத்தனை வருஷத்துல ரெண்டும் கலந்ததில்ல.

மருந்துக்காரர்: நீ உள்ள போ. அடுப்புல ஏதோ...

மனைவி: அடுப்பை அணைச்சாச்சு. என்ன, கரையான் கரப்பான்னு பாடம் நடத்துறாரா? ஒரு வார்த்தை கேட்டா ஒன்பது வார்த்தை சொல்லுவாரு. சும்மா மருந்தடிக்கிற ஆளுன்னு நினைச்சுடாதீங்க மேடம். பூச்சிப் படிப்புல டாக்டர் ஆகியிருக்க வேண்டியவரு.

மருந்துக்காரர்: ஏய்... ஆரம்பிச்சுட்டியா.

மனைவி: வர்ற எல்லார்கிட்டயும் சொல்றதுதானே? சொன்னா என்ன தேஞ்சா போயிடுவீங்க?

மருந்துக்காரர்: இவங்ககிட்ட வேண்டாம்.

மனைவி: இவங்க மட்டும் என்ன தனி?

மருந்துக்காரர்: மேடத்துக்கு ஆயிரம் வேலை இருக்கும்...

மேடம்: ஒரு வேலையும் இல்ல. சொல்லட்டும்.

மருந்துக்காரர்: மேடம், வேண்டாம்.

மேடம்: சொல்லட்டும்னு சொல்றேன்ல.

மனைவி: பாத்தீங்களா! படிச்சவங்களுக்குத்தான் படிச்சவங்க அருமை தெரியும். மேடம், குச்சிப்பூச்சி பாத்திருக்கீங்களா? காஞ்ச குச்சி மாதிரியே கிடக்கும், தொட்டா நடக்கும். அதுல ரெண்டு தினுசு. ஒண்ணு ஒரு சாண் நீளம், பழுப்பு, நல்லாத் தடியா, இறக்கை கிடையாது. இன்னொண்ணு விரல் நீளந்தான், பச்சை, ஊசி மாதிரி இருக்கும், பறக்கவும் பறக்கும். பெருசுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே எவனோ பேர் வச்சுட்டான். சின்னதுக்கு அப்புறமா ஒரு பொம்பளை பேர் வச்சா. புது இனம், அதோட புதுப் பேரினமும் அதுதானாம். பேரினம்னா... குடும்பப் பேரு மாதிரின்னு வச்சுக்கோங்களேன்.

மருந்துக்காரர்: குடும்பம் வேற. அது அதுக்கும் மேல. இனம், அதுக்கு மேல பேரினம், அதுக்கு மேல குடும்பம், அதுக்கு மேல வரிசை...

மனைவி: நம்ம வீட்டுல குடும்பத்துக்கு மேல நான்தான். குறுக்க பேசாதீங்க. அதாவது மேடம், சின்னது வேற வம்சம், பெருசு வேற வம்சம், ரெண்டுக்கும் கொள்வினை கொடுப்பினையே கிடையாதுன்னு அந்தப் பொம்பளை எழுதி வச்சுட்டா. புத்தகத்துல ஏத்திட்டாங்க. எல்லாரும் கை தட்டிட்டாங்க. இவருதான் கண்டுபிடிச்சாரு, ரெண்டும் ஒண்ணுன்னு. பெருசு பொண்டாட்டி, சின்னது புருஷன். அவ்வளவுதான் விஷயம்! ஒரு வீட்டுல குடித்தனம் பண்ற புருஷன் பொண்டாட்டியைத் தனித்தனி வம்சம்னு சொல்லிட்டு உக்காந்திருக்கா!

மேடம்: எப்படிக் கண்டுபிடிச்சாராம்?

மனைவி: வளத்துத்தான். ஒரு பெருசைப் புடிச்சுக் கூண்டுல வச்சாரு. அது முட்டை போட்டுச்சு. பாத்தா முட்டைன்னே தெரியாதாம், ஏதோ செடி விதை மாதிரி இருக்குமாம். முப்பத்தேழு. மாசக்கணக்குல காவல் காத்து, அதுல இருபத்திரண்டு பொரிஞ்சுச்சு. இலை பறிச்சுப் போட்டு வளத்து ஆளாக்கிப் பாத்தா, பதிமூணு பெருசு, ஒன்பது சின்னது. ஒரு தாய் வயித்துப் புள்ளைங்க! இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?

மேடம்: வேண்டாம்.

மனைவி: அந்தப் பொம்பளைக்குப் பத்தலையாம்! அவதான் இவரு படிச்ச இடத்துல பெரிய ஆளு. பட்டம் குடுக்கிறதுக்கு முன்னாடி கூட்டம் போட்டுக் கேள்வி கேப்பாங்களாம், அங்க எல்லார் முன்னாடியும் என்ன சொன்னா தெரியுமா —

மருந்துக்காரர்: போதும்.

மனைவி: "இது ஆராய்ச்சியே இல்ல, வீட்டுல உக்காந்து எழுதுன" —

மருந்துக்காரர்: போதும்னு சொல்றேன்ல!

மனைவி: ...எதுக்கு இப்படிக் கத்துறீங்க? வெளி ஆளு முன்னாடி...

மேடம்: "நாற்காலியில உக்காந்து எழுதின கட்டுக்கதை."

மனைவி: என்னது?

மேடம்: அதுதான் சொன்ன வார்த்தை. வீட்டுலன்னு சொல்லல, நாற்காலியிலன்னு சொன்னேன்.

மனைவி: நீங்க சொன்னீங்களா?

மேடம்: அந்தப் பொம்பளை நான்தாம்மா.

மனைவி: ஏங்க...

மருந்துக்காரர்: ம்.

மனைவி: உங்களுக்குத் தெரியுமா?

மருந்துக்காரர்: காலையில போன்ல குரலைக் கேட்டதுமே தெரியும்.

மேடம்: தெரிஞ்சுமா இவ்வளவு நேரம்... நீ மேடம் மேடம்னு கூப்பிட்டதெல்லாம் கஸ்டமர் மேடம்னு நினைச்சேன்.

மருந்துக்காரர்: எனக்கு ஒரே மேடந்தான்.

மனைவி: அந்த டீயைக் குடுங்க இப்படி.

மருந்துக்காரர்: ஏய்! வீட்டுக்கு வந்தவங்ககிட்ட...

மனைவி: கடைக்கு வந்தவங்க! கரையான்னு பொய் சொல்லிட்டு வந்தவங்க! ஆறிப்போச்சு, அதான் எடுத்தேன். வேற போட்டுத் தரட்டுமான்னு கேக்க மாட்டேன்.

மேடம்: கேக்காதம்மா. கரையான் பொய்தான். எங்க வீட்டுக் கதவு நிலை இரும்பு.

மருந்துக்காரர்: தெரியும் மேடம். நிஜமாக் கரையான் வந்தவங்க கையில ஒரு துண்டு மரம் இருக்கும், ஒடச்சு எடுத்துட்டு வருவாங்க. நீங்க ஃபைலோட வந்தீங்க.

மேடம்: வாசல்ல வந்து நின்னதும் பழையபடி பேச வாய் வரல குச்சி. நேரா என்னன்னு ஆரம்பிக்கிறதுன்னு...

மனைவி: யாரு குச்சி?

மேடம்: அது... அப்பல்லாம் ரொம்ப ஒல்லியா இருப்பான். ஆராய்ச்சியும் குச்சிப்பூச்சி. அங்க எல்லாருமே குச்சின்னுதான் கூப்பிடுவோம். இருப்பாருன்னு சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்கோ.

மனைவி: குச்சியாம்! இப்ப உலக்கைன்னுதான் கூப்பிடணும். ...எனக்குச் சிரிப்பு வரல, தெரிஞ்சுக்கோங்க. நீங்க சொன்ன அந்த ஒரு வார்த்தையில இவரு தெருத் தெருவா முதுகுல மருந்து டப்பாவைக் கட்டிட்டு அலைஞ்சாரு. யார் வீட்டுச் சமையக்கட்டுக்கு அடியிலயோ படுத்துக் கிடந்தாரு. இருமல் இன்னும் போகல.

மேடம்: தெரியும்.

மனைவி: எப்படித் தெரியும்? என்னிக்காவது வந்து பாத்தீங்களா?

மேடம்: ஒரு தடவை பஸ்ல பாத்தேன். மடியில டப்பாவை வச்சுட்டு உக்காந்திருந்தான். நான் பாக்கிறதைப் பாத்துட்டான்னு நினைக்கிறேன். அடுத்த ஸ்டாப்ல இறங்கிட்டான்.

மருந்துக்காரர்: என் ஸ்டாப் அது இல்ல. இன்னும் நாலு ஸ்டாப் இருந்துச்சு.

மேடம்: எனக்குத் தெரியும். நீ இறங்கினதும்... எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை நினைச்சுத்தான் அப்புறம் நாள் பூரா...

மனைவி: பாவம், கஷ்டப்பட்டிருப்பீங்க.

மருந்துக்காரர்: குத்தாத. மேடம், எதுக்கு வந்தீங்க, அதைச் சொல்லுங்க.

மேடம்: போன மாசம் ஒரு கடிதம் வந்துச்சு. சின்னப் பசங்க ரெண்டு பேரு, வேற ஊர்ல ஆய்வுக்கூடத்துல இருக்காங்க. நான் எந்தப் பூச்சியைப் பாத்துப் பேர் வச்சேனோ, அந்த மூலப் பூச்சி, அதோட ஒரு காலைக் கேட்டு வாங்கி டிஎன்ஏ எடுத்திருக்காங்க. பெருசோட வச்சு ஒத்துப் பாத்திருக்காங்க. ரெண்டும் ஒண்ணு. "தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம்"னு எழுதியிருக்காங்க. ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க. அதான் தாங்கல.

மனைவி: அப்ப உங்க பேரு என்ன ஆகும்?

மருந்துக்காரர்: போயிடும். ஒரு உயிருக்கு ரெண்டு பேரு இருந்தா மூத்த பேருதான் நிக்கும். ரெண்டாவது பேரு பட்டியல்ல அதுக்குக் கீழ, சின்ன எழுத்துல கிடக்கும். அழிக்க மாட்டாங்க. தப்பு நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியணும்ல.

மனைவி: நல்லாக் கிடக்கட்டும்.

மேடம்: கிடக்கட்டும்மா. அதுக்கு நான் வரல. அவங்க வெளியிடுறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன், மூணு வாரம் பொறுங்கன்னு கேட்டேன். சரின்னாங்க. எழுதிட்டேன். இந்த ஃபைல்ல இருக்கு. முதல் பத்தியே உன் பேருதான் குச்சி. இந்த ரெண்டும் ஒரே இனம்னு இருபத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே முட்டையில இருந்து வளத்து நிரூபிச்சது இன்னார், அதை வெளிய வர விடாம தடுத்தது நான்னு...

மனைவி: இவர் பேரா? அச்சுல வருமா?

மேடம்: வரும்மா. உலகத்துல குச்சிப்பூச்சியைப் பத்தி யார் எழுதினாலும் இனிமே இவர் பேரை எழுதித்தான் ஆகணும். தீசிஸ் பிரதி ஒண்ணு என்கிட்டயே இருக்கு. முட்டைக் கணக்கு, எது எந்தத் தேதியில தோலுரிச்சது, எல்லாம் அட்டவணையோட அப்படியே போட்டிருக்கேன். அது இவர் உழைப்பு. அதனால இவர் சம்மதம் வேணும். கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து.

மனைவி: ஏங்க! என்ன பேசாம நிக்கிறீங்க? பேனா எங்க... இந்தாங்க. ஐயோ, இது எழுதாது. இருங்க, உள்ள இருந்து —

மருந்துக்காரர்: பேனா வேண்டாம். நில்லு.

மனைவி: பொண்ணுகிட்டச் சொல்லணுங்க. பள்ளிக்கூடத்துல அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா "பூச்சி"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு உக்காந்துடறாளாம். இனிமே எழுந்து நின்னு சொல்லுவா.

மருந்துக்காரர்: இப்ப எதுக்கு இதெல்லாம்? நான் அந்த உலகத்தை விட்டு வந்து எவ்வளவு காலம் ஆச்சு...

மனைவி: விட்டு வந்த ஆளுதான் கரையான் எந்த வரிசைன்னு ராத்திரி பகலாப் படிக்கிறீங்களோ?

மருந்துக்காரர்: மேடம், இன்னிக்கு மூணு வீட்டுக்கு வரேன்னு சொல்லியிருக்கேன். நீங்க கிளம்புங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்.

மனைவி: என்ன யோசிக்கிறது? இவங்களே தேடி வந்திருக்காங்க. ...மேடம், நான் கொஞ்சம் வாய்த்துடுக்குதான். மனசுல வச்சுக்காதீங்க. நீங்களும் தெரியாமத்தானே செஞ்சீங்க? ரெண்டும் வேறன்னு நிஜமா நம்பினீங்க, அதனால சொன்னீங்க. மனுஷங்களுக்குத் தப்பு நடக்கிறதுதானே...

மேடம்: நீ குடுக்கிற இந்த வழியில நான் பேசாம வெளிய போயிடலாம். வீட்டுல இருந்து கிளம்பும்போது அப்படித்தான் நினைச்சுட்டு வந்தேன்.

மருந்துக்காரர்: போயிடுங்க மேடம்.

மேடம்: தெரியும்மா. அப்பவே தெரியும்.

மனைவி: என்ன தெரியும்?

மேடம்: ரெண்டும் ஒண்ணுன்னு. இவன் தீசிஸ் கொடுக்கிறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. பூச்சி சேகரிக்க நான் தனியாப் போயிருந்தேன். மழை அப்பத்தான் விட்டிருந்துச்சு. இடுப்பு உயரச் செடி ஒண்ணுல பெருசு தொங்கிட்டிருந்துச்சு. அது முதுகுல சின்னது. ரெண்டும் சேர்ந்து இருந்துச்சு. குடையை அப்படியே கீழ போட்டுட்டேன்...

மருந்துக்காரர்: நீங்களா? நீங்க பாத்தீங்களா?

மேடம்: பாத்தேன். ரெண்டையும் சேத்தே பாட்டில்ல போட்டேன். செத்த பிறகும் சின்னது பிடியை விடல. ரூமுக்கு வந்து, கதவைச் சாத்திட்டு, இடுக்கியை வச்சு ஒவ்வொரு காலாப் பிரிச்சேன். ஒரு கால் ஒடஞ்சுபோச்சு, அதைப் பசை போட்டு ஒட்டினேன். பெருசைப் பெருசோட பெட்டியில குத்தி வச்சேன், சின்னதைச் சின்னதோட பெட்டியில. எப்பப் புடிச்சதுன்னு எழுதி வைக்கிற சீட்டுல ஒரே தேதி இருந்தா யாராவது கேப்பாங்கன்னு, ஒண்ணுல மட்டும் தேதியை நாலு நாள் தள்ளிப் போட்டேன்.

மனைவி: ஐயோ... ஏன்? அப்படி என்னதான் காரணம்?

மேடம்: நானும் தேடிப் பாத்துட்டேன். இவ்வளவு பெரிய தப்புக்குப் பெருசா ஒரு காரணம் இருந்தா நல்லாயிருக்குமேன்னு. இல்ல. வெக்கந்தான். அந்தப் புதுப் பேரினத்துக்காகத்தான் எனக்குத் துறைத்தலைவர் பதவி கொடுத்தாங்க. வகுப்புக்கு வகுப்பு போய், "உயிரைத் தோற்றத்தைப் பாத்துப் பிரிக்காதீங்க, நிறமும் இறக்கையும் ஏமாத்தும், உறவைப் பாத்துப் பிரிங்க"ன்னு பேசிட்டிருந்தேன். அதே நான் ஒரு ஆணையும் பெண்ணையும் வேற வேற வம்சம்னு எழுதியிருக்கேன்னு எந்த முகத்தை வச்சுட்டுச் சொல்றது? இன்னும் ஒரு மாசம் போகட்டும், சொல்லிடலாம்னு நினைச்சேன். மாசம் போச்சு. அப்புறம் இவன் வந்து நின்னான், முட்டைக் கணக்கோட.

மருந்துக்காரர்: மேடம், போதும்.

மேடம்: அந்த அட்டவணையை வரி வரியாப் படிச்சேன். நான் ஒளிச்சு வச்சதை ஒருத்தன் பொறுமையா, நாள் தவறாம, ஒரு முட்டை விடாம வளத்துக் காட்டிட்டான். அந்த அறையில அது உண்மைன்னு அடிச்சுச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். நான்தான் கட்டுக்கதைன்னு சொன்னேன்.

மருந்துக்காரர்: போதும் மேடம், போதும்...

மேடம்: இவன் எதிர்த்துப் பேசுவான், கூண்டைக் காட்டறேன், கூட இருந்தவங்களைக் கூப்பிடறேன்னு சொல்லுவான்னு நினைச்சு அதுக்கெல்லாம் பதில் தயார் பண்ணி வச்சிருந்தேன். ஒரு வார்த்தை பேசல. தலையைக் குனிஞ்சுட்டு, பேப்பரை அடுக்கிட்டு எழுந்து போயிட்டான். கதவைக்கூட மெதுவாத்தான் சாத்தினான். ஒரு நேர்மையான ஆளை நாலு பேர் முன்னாடி பொய்யன்னு சொன்னேன்மா. நீ அந்த டீயை என் மூஞ்சியில ஊத்தியிருந்தாலும் தகும்.

மனைவி: ...அழாதீங்க. நீங்க அழுதா எனக்குத் திட்டக்கூட வர மாட்டேங்குது.

மேடம்: இவன் என்னை எவ்வளவு வெறுத்திருப்பான்னு...

மருந்துக்காரர்: வெறுக்கல மேடம். உங்க பேரை யாராவது சொன்னாலே தலை குனிஞ்சிடும். அவ்வளவுதான்.

மனைவி: இவரு ஏன் குனியணும்! கேட்டீங்களா மேடம், இப்படித்தான் இருபது வருஷமா. சரி, நடந்தது நடந்துபோச்சு. கையெழுத்தைப் போடுங்க. மேடம் அந்த ரெண்டு பெட்டி விஷயத்தையும் எழுதிடுவாங்க, எழுதுவீங்கதானே?

மேடம்: அது... இதுல எழுதல. எழுதணும்னுதான் உக்காந்தேன். தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு எழுத முடிஞ்சுது. தெரிஞ்சே மறைச்சேன்னு எழுத... கை வரல.

மருந்துக்காரர்: அந்த ஜோடி இன்னும் இருக்கா?

மேடம்: இருக்கு. அதே ரெண்டு பெட்டியில. பசை போட்ட காலும் அப்படியே இருக்கு.

மருந்துக்காரர்: அப்ப அதை எழுதுங்க மேடம். பிரிச்சதை எழுதுங்க, தேதி மாத்தினதை எழுதுங்க. அதுதான் சாட்சி. ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சுட்டு, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுங்க. என் பேரு வேண்டாம். அந்த அட்டவணையைக் கிழிச்சுடுங்க.

மேடம்: நான் செஞ்சதை எழுதறேன். நீ சொன்ன பிறகு இனி எழுதாம இருக்க முடியாது. ஆனா உன் அட்டவணையை எதுக்குக் கிழிக்கணும்?

மருந்துக்காரர்: வேண்டாம்னா வேண்டாம்.

மனைவி: என்னங்க இது! இவங்க மானத்தை விட்டு இத்தனையும் சொல்லிட்டாங்க. இன்னும் என்ன வீராப்பு?

மருந்துக்காரர்: வீராப்பு இல்லடி.

மனைவி: அப்ப என்ன? பொண்ணுக்காகவாவது...

மருந்துக்காரர்: பொண்ணுக்காகத்தான் வேண்டாங்கிறேன்.

மேடம்: குச்சி, இது நான் போடுற பிச்சை இல்ல. உனக்குச் சேர வேண்டியது. நீ வளத்தது.

மருந்துக்காரர்: அப்படிச் சொல்லாதீங்க மேடம்.

மனைவி: இப்படித்தான்! கல்யாணமான புதுசுல கேட்டேன், பொண்ணு பொறந்தப்போ கேட்டேன், இருமிட்டு ராத்திரி தூங்காம உக்காந்திருப்பீங்களே, அப்பல்லாம் கேட்டேன். உண்மை உங்க பக்கம் இருக்கும்போது அன்னிக்கு ஏன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலன்னு. "விடு, விடு"ன்னீங்க. பெரிய மனசுன்னு நானும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன். இன்னிக்கு விட மாட்டேன். சொன்னவங்க எதிர்ல நிக்கிறாங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க. ஏன் பேசல?

மருந்துக்காரர்: பேச என்ன இருந்துச்சு? நீங்க கட்டுக்கதைன்னு சொன்னதும், கண்டுபிடிச்சுட்டீங்கன்னு நினைச்சேன் மேடம். இன்னிவரைக்கும் அப்படித்தான் நினைச்சுட்டிருந்தேன். அதுங்க சேர்ந்திருந்ததை நானும் ஒரு தடவை பாத்தேன், அது நிஜம். கையை நீட்டுறதுக்குள்ள சின்னது பறந்துடுச்சு. சாட்சி வேணுமேன்னுதான் வளக்க ஆரம்பிச்சேன். முட்டை முப்பத்தேழு, அதுவும் நிஜம். நடுவுல ஒரு கூட்டாளி கல்யாணம். ரெண்டு நாள்ல வந்துடலாம்னு போனவன் பத்து நாள் இருந்துட்டேன். முட்டை டப்பாவுல இருந்த ஈரப் பஞ்சை எடுக்காம மூடியை இறுக்கிட்டுப் போயிருந்தேன். திறந்தா எல்லாத்து மேலயும் வெள்ளைப் பூஞ்சை. உங்ககிட்ட வந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. முடிவு எப்படியும் சரிதானேன்னு, இருபத்திரண்டு பொரிஞ்சதா எழுதினேன். சரிபாதியாப் போட்டா சந்தேகப்படுவீங்கன்னு பதிமூணு, ஒன்பது. தோலுரிச்ச தேதியெல்லாம் ஒரே நாள்ல உக்காந்து எழுதினது... நாற்காலியிலதான். நீ அப்படிப் பாக்காதம்மா. நீ ஒவ்வொருத்தர்கிட்ட சொல்லும்போதும் நிறுத்தணும்னு நினைப்பேன், வாய் வராது... ஒண்ணுகூடப் பொரியல.